திருப்பூர் நீர்த்திட்டம்: தொழில் வளர்ச்சிக்கான தண்ணீரில் பட்டியல் சாதி மக்களின் பங்கு எங்கே?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களைப் பட்டியலிடுகிறது. 74ஆவது திருத்தத்தின் வழியாக 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்வட்டவணையின் ஐந்தாம் இனம், வீட்டுப் பயன்பாடு, தொழிற்பயன்பாடு, வணிகப் பயன்பாடு ஆகிய மூன்றுக்குமான நீர் வழங்கலை ஒரே வரியில் வைக்கிறது. மூன்றில் எது முதன்மையானது என்பதை அட்டவணை சொல்லவில்லை. அதைச் சொன்னவை தேசிய நீர்க் கொள்கைகள். 1987, 2002 ஆகிய ஆண்டுகளின் கொள்கைகள் குடிநீரை முதலிடத்திலும் ஆலைகளை வரிசையின் பின்பகுதியிலும் வைத்தன. 2012ஆம் ஆண்டின் கொள்கை, குடிநீர், துப்புரவு முதலிய அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பின்னர் எஞ்சும் நீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதலாம் என்றது. ஆயினும் கொள்கை என்பது சட்டமன்று. நீதிமன்றத்தில் நேரடியாக அமலாக்கக் கோர முடியாத அந்த வரிசை, ஒப்பந்தம் என்று வரும்போது எப்படித் தலைகீழாகும் என்பதை அறிய விரும்புவோர் திருப்பூரை ஆராய வேண்டும்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் தண்ணீரின் மீது எழுந்த தொழில். துணியைச் சலவை செய்வதற்கும் சாயமேற்றுவதற்கும் உப்பு குறைந்த மென்னீர் வேண்டும். நொய்யல் ஆற்றங்கரையின் கிணறுகள் ஒரு காலத்தில் அதைத் தந்தன. 1980களில் ஏற்றுமதி பெருகியபோது சாய, சலவைப் பட்டறைகளும் பெருகின. நிறம் துணியில் பிடிப்பதற்குப் பெருமளவில் உப்பு சேர்க்கப்படுகிறது. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகிறது. பட்டறைகள் தம் கழிவாலேயே தம் கிணறுகளைக் கெடுத்துக்கொண்டன. அதன்பின் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வாங்கப்பட்டது. கிணறு வைத்திருந்தவர் தண்ணீரை விற்றார். கிணறு யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதைக் கொங்கு மண்டலத்தின் நில உடைமையை அறிந்த எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. இவ்வட்டாரத்துப் பட்டியல் சாதியினருள் பெரும்பான்மையினரான அருந்ததியர், தலைமுறைகளாகப் பிறர் தோட்டத்தில் உழைத்த கூலிகள். அவர்கள் இறைத்த கிணற்றின் நீர் லாரியேறிச் சென்றபோது அந்த விற்பனையில் அவர்களுக்குப் பங்கில்லை. நிலத்தடி நீர் கீழிறங்கி, காலனியின் அடிகுழாய் வற்றியபோது அந்த இழப்பில் மட்டும் பங்கிருந்தது.

இப்பின்னணியில்தான் 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்னும் நிறுவனம் உருவாக்கப்பட்டது. தமிழ்நாடு அரசும், ஐ.எல்.எஃப்.எஸ். என்னும் நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் இதன் பின்னே நின்றன. இந்தியாவில் நீர் வழங்கலில் தனியார் பங்கேற்புடன் அமைந்த முதல் பெருந்திட்டங்களுள் ஒன்றாக இது பேசப்பட்டது. பவானி நகருக்கு அருகே காவிரிப் படுகையிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரை எடுத்து, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு கொண்டுவந்து ஆலைகளுக்கும், திருப்பூர் நகருக்கும், வழியோரக் கிராமங்களுக்கும் வழங்குவது திட்டம். மதிப்பீடு சுமார் 1,023 கோடி ரூபாய். முப்பது ஆண்டு உரிம ஒப்பந்தம். 2005-06இல் நீர் வழங்கல் தொடங்கியது.

திட்டத்தின் கணக்கு எளிமையானது. ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்ற அளவில் விலை கொடுக்கும். நகராட்சியும் ஊராட்சிகளும் அதைவிடப் பன்மடங்கு குறைந்த விலை கொடுக்கும். ஆலை தரும் விலையே குடிமக்களின் குடிநீரைத் தாங்கி நிற்கும். இந்த ஏற்பாட்டை நாம் முற்றிலும் குறை சொல்லவில்லை. ஏழைக்கு மலிவான நீரும் செல்வருக்கு விலையுள்ள நீரும் என்பது நியாயமான கொள்கையே. எங்கள் கேள்வி வேறு. ஆலை வாங்கும் நீரின் மீது குடிநீர் சார்ந்திருக்குமானால், ஆலை வாங்குவதை நிறுத்தும் நாளில் என்ன நேரும்?

அந்த நாள் விரைவிலேயே வந்தது.

நொய்யலின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் விந்தை நிகழ்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டுமென ஆணையிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு, பின்னர் 8 காசு, அதன்பின் 10 காசு அபராதம் என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று அந்த ஆணையின் சாரத்தை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசங்கள் அனைத்தும் தீர்ந்த பின், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே ஓர் எண்ணிக்கையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். நல்ல நீரின் விலை ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்றால், லிட்டருக்கு நாலரைக் காசு. அந்த நீரைக் கெடுத்து ஆற்றில் விட்டதற்கான தொடக்க அபராதம் லிட்டருக்கு 6 காசு. ஓர் ஆற்றைக் கெடுப்பதன் விலை, ஆற்றை வாங்குவதன் விலையைவிட ஒன்றரைக் காசு மட்டுமே கூடுதலாக இருந்தது.

மூடல் ஆணைக்குப் பின் பட்டறைகள் சவ்வூடு பரவல் முறைக்கும் ஆவியாக்கிகளுக்கும் மாறின. தொடக்கக் காலச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைத்தனவே தவிர, கரைந்த உப்பை அகற்றவில்லை. புதிய முறை உப்பைப் பிரித்து, நீரின் பெரும்பகுதியை மீண்டும் பட்டறைக்கே தருகிறது. மாநில அரசும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. சுற்றுச்சூழலுக்கு இது நன்மை, இதில் ஐயமில்லை. ஆனால் பயன்படுத்திய நீரையே திரும்பப் பயன்படுத்தும் ஆலைக்குப் புதுநீர் குறைவாகவே தேவைப்படும். ஆலைகள் வாங்கும் அளவை நம்பிக் கடன் வாங்கிய நீர் நிறுவனம் நெருக்கடிக்குள்ளாகிக் கடன் மறுசீரமைப்புக்குச் சென்றது. பின்னே நின்ற ஐ.எல்.எஃப்.எஸ். 2018இல் சரிந்தது நாடறிந்த செய்தி. மாசைத் தடுக்க நீதிமன்றம் எடுத்த சரியான நடவடிக்கை, குடிநீரைத் தாங்கிய வருவாயைக் குறைத்தது. ஒப்பந்தம் எழுதிய நாளில் இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்றே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்தத் தமிழ்நாட்டின் தோல் ஆலைகளை முன்வைத்தே வகுத்திருந்தது என்பதை எண்ணும்போது, இதை முன்னறிய முடியாத விபத்து என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இழப்பீட்டின் அளவுகோல்

வேலூர் தீர்ப்பைத் தொடர்ந்து, சூழல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நொய்யல் படுகையில் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களின் விவசாயிகளுக்கு அது இழப்பீடு நிர்ணயித்தது. பாதிப்பின் அலகு நிலம். எவ்வளவு ஏக்கர், மண்ணில் எவ்வளவு உப்பு, விளைச்சலில் எவ்வளவு குறைவு என்பதே கணக்கு. பட்டா இருந்தவர் பாதிக்கப்பட்டவர் ஆனார்.

அந்த நிலத்தில் களை பறித்தவர், நாற்று நட்டவர், அந்த நிலம் தரிசானதால் ஆண்டில் இத்தனை நாள் கூலியை இழந்தவர் இக்கணக்கில் இல்லை. ஆற்றோரப் புறம்போக்கில் வீடு கட்டி, ஆற்று ஊற்றில் தண்ணீர் எடுத்தவர் இல்லை. ஆட்டை ஆற்றில் நீர் குடிக்கவிட்டு இழந்தவர் இல்லை. இதைச் சாதிப் பாகுபாடு என்று எந்த ஆவணமும் சொல்லாது. ஆணையத்தின் நோக்கமும் அதுவன்று. ஆனால் நிலமின்மை சாதிவாரியாகப் பகிரப்பட்டிருக்கும் ஒரு வட்டாரத்தில், நிலத்தை மட்டும் அலகாகக் கொள்ளும் எந்த இழப்பீடும் சாதிவாரியான முடிவையே தரும். நொய்யல் வழக்கின் தீர்ப்புகளைச் சுற்றுச்சூழல் வெற்றியாகக் கற்பிக்கும் சட்டக் கல்லூரிகள் இந்தப் பக்கத்தையும் கற்பித்தால் நன்று.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், 3(1)(x) பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறெந்த நீராதாரத்தையும் கெடுத்து, அப்பயன்பாட்டுக்குத் தகுதி குறையச் செய்வதைக் குற்றமாக்குகிறது. அம்மக்களைச் சாராதவர் செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை. இப்பிரிவைப் படிக்கும் வழக்கறிஞர் மனத்தில் பொதுவாக எழும் சித்திரம், ஊர்க்காரர் ஒருவர் காலனிக் கிணற்றில் அசுத்தம் போடுவது. சாயக் கழிவு ஊறிய காலனிக் கிணறும் இப்பிரிவின் சொற்களுக்குள் அடங்கும். ஆனால் இடையூறுகள் இரண்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இன் 47ஆம் பிரிவு, நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பொறுப்பாளரைக் குற்றவாளியாகக் கருத வழிசெய்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் 14ஆம் பிரிவு அதைச் செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அத்தகைய தனிப்பிரிவு இல்லை. மற்றொன்று, நூற்றுக்கணக்கான பட்டறைகளுள் எதன் கழிவு எந்தக் கிணற்றை அடைந்தது என்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது கடினம். ஆகவே இப்பிரிவை ஆலை மாசு வழக்குகளில் எடுத்துச் செல்வோர் அரிது. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் வெளியேற்றக் குழாய்க்கு நேர் கீழே காலனியின் கிணறு இருக்கும் தனித்த சூழல்களிலேனும் இது முயலப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

குழாயின் கடைசி நூறு அடி

பெருந்திட்டத்தின் ஒப்பந்தம் ஊராட்சியின் தரைமட்டத் தொட்டியோடு முடிகிறது. அளவுமானி அங்கேதான் இருக்கிறது. அதற்கப்பால் எந்த மேல்நிலைத் தொட்டிக்கு முதலில் ஏற்றுவது, எந்த வால்வை எத்தனை மணிநேரம் திறப்பது என்பதெல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. நடைமுறையில் டேங்க் ஆபரேட்டரின் கையில் இருக்கும் சாவியின் பொறுப்பு. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்னும் இரட்டை ஏற்பாடு தமிழகக் கிராமங்களில் அவ்வளவு இயல்பாகிவிட்டது. அதை வசதி என்று அதிகாரிகளே குறிப்பிடுகிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மனிதக் கழிவு கலக்கப்பட்ட தொட்டி, பட்டியல் சாதி மக்களுக்கென்று தனியே கட்டப்பட்டது. அவ்வழக்கின் போக்கைப் பற்றி இங்கு நாம் பேசவில்லை. ஒரே ஊரில் தனித்தொட்டி ஏன் இருந்தது என்ற கேள்வியை எந்தப் புலனாய்வும் கேட்கவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம்.

தாளில் உள்ள உரிமைக்கும் தொட்டியில் உள்ள நீருக்கும் இடையிலான தூரம் புதிதன்று. மகத் நகரின் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் 1924லேயே நிறைவேறியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று அக்குளத்தில் நீரருந்தும் வரை அத்தீர்மானம் தாளில்தான் இருந்தது. அதன்பின்னும் வழக்கு நடந்து, பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல்தான் இறுதித் தீர்ப்பளித்தது. விடுதலைக்குப் பின்னரும், கர்நாடகத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் நீரெடுக்க வந்த பட்டியல் சாதி மக்களைத் தடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்பா பாலு இங்காலே வழக்கு என அறியப்படும் அதில், உயர்நீதிமன்றம் விடுவித்தவர்களின் தண்டனையை 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. நீரைத் தொடவிடாமல் தடுப்பது அரசமைப்பின் 17ஆம் உறுப்பை மீறும் தீண்டாமைக் குற்றமே என்பதற்கு இன்றும் நாங்கள் முதலில் காட்டும் தீர்ப்பு அதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, குளம், கிணறு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை இன்று தெளிவாகவே பெயரிட்டுக் குற்றமாக்குகிறது.

ஆனால் வால்வைக் குறைவாகத் திறப்பது தடுப்பதாகுமா? யாரும் யாரையும் வழிமறிக்கவில்லை, வசைச்சொல் இல்லை, காலனிக்கு நீர் அரைமணி நேரம் வந்தது, ஊருக்கு இரண்டு மணி நேரம் வந்தது, அவ்வளவே. இத்தகைய புகாரோடு வரும் மக்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகத்தை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை குடம் என்று முப்பது நாள் எழுதிவைத்தால் அது சான்று. எழுதப்படாத தாகத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு குறைவு. அலுவலகங்களிலிருந்து வழக்கமாக வரும் மறுமொழி, குழாய் பதிக்கப்பட்டுவிட்டது என்பதே. குழாயில் நீர் வந்ததா என்பதற்கு அந்த மறுமொழியில் இடமிருப்பதில்லை.

நகர எல்லையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நகரத்தில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடையுள்ள ஊர்களுக்கான வழிகாட்டு அளவு. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு 55 லிட்டர் என்கிறது. திருப்பூர் 2008இல் மாநகராட்சியானது. பின்னர் அருகிலிருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு எல்லை விரிந்தது. எல்லைக்கு ஒரு தெரு வெளியே உள்ள காலனியிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்குச் செல்லும் பெண், பகலில் நகரத்தின் உற்பத்தியாளர். இரவில் 55 லிட்டருக்கு உரியவர். எல்லைக்குள் வந்துவிட்டால் வரி உடனே உயரும், நீர் அவ்வளவு விரைவாக உயராது என்பது வேறு கதை.

நீரின் மறுமுனை

சென்னையில் இப்போது வேறொரு வழி நடைமுறையில் உள்ளது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நகரின் சாக்கடை நீரை மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் சவ்வூடு பரவலும் செய்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் 2019இல் செயல்படத் தொடங்கின. ஒன்று மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்கும், மற்றொன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கும் நீர் தருகிறது. ஆலை கழிவுநீரைக் குடித்து, குடிநீரை மக்களுக்கு விடுவது ஏற்கத்தக்க ஏற்பாடு. ஆற்றிலிருந்து ஆலைக்குக் குழாய் போடுவதைவிடச் சிறந்தது. ஆயினும் இதன்படி சாக்கடை இனி கழிவன்று, தொழில் வளர்ச்சியின் மூலப்பொருள். அம்மூலப்பொருள் தடையின்றி ஓடுவதை உறுதிசெய்பவர் யார் என்ற கேள்வி திட்ட அறிக்கைகளில் இல்லை.

சாக்கடையில் இறங்கி இறப்பவர்களுள் மிகப்பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய எவரையும் ஈடுபடுத்துவதைத் தடைசெய்கிறது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

திருப்பூருக்குத் திரும்பினால் இச்சட்டத்தின் ஓர் ஓட்டை தெரியும். மலக்குழி என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், மனித மலத்தைத் தேக்கிவைக்கும் நீர்க்கசிவற்ற தொட்டி என்பது. சாக்கடைக்கான விளக்கமும் மனித மலத்தையே மையமாகக் கொண்டது. சாயக் கழிவு மட்டும் சேரும் தொட்டியில் இறங்கி, அதே நச்சுவாயுவால், அதே சாதியைச் சேர்ந்த தொழிலாளர் இறந்தால், அந்த இறப்பு இச்சட்டத்தின் சொற்களுக்கு வெளியே நிற்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அப்போது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 2025 வரை 36ஆம் பிரிவில் வகுத்திருந்தவை போன்ற, மூடிய இடங்களில் நச்சுப்புகைக்கு எதிரான பாதுகாப்பு விதிகளையும், பொதுவான கவனக்குறைவுக் குற்றங்களையும் நாட வேண்டியதாகிறது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கிய பட்டியல் சாதித் தொழிலாளர் மூவர் இறந்தனர். இத்தகைய நிகழ்வுகளில் முதல் தகவல் அறிக்கையில் தொட்டி எவ்வாறு விவரிக்கப்படுகிறது என்பதை முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும். கழிப்பறைக் குழாய் ஒன்றேனும் அத்தொட்டியில் சேர்ந்தால் அதை மகசரில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். குடும்பத்துக்குக் கிடைக்கும் 30 லட்சம் அந்த ஒரு வரியைப் பொறுத்து அமையலாம்.

இறுதியாக, ஆவணங்களைப் பெறும் வழி. நீர் நிறுவனம் தனியார் நிறுவனம், ஆகவே தகவல் தர வேண்டியதில்லை என்ற வாதம் திருப்பூரில் எழுந்தது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் கே. சந்துரு அதை ஏற்கவில்லை. அரசின் பங்கும் பொதுநீர் வழங்கும் பணியும் உள்ள அந்நிறுவனம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(h) பிரிவின்படி பொது அதிகார அமைப்பே என்று தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பு பிற ஊர்களின் கூட்டுத் திட்டங்களுக்கும் பயன்படும். மனுவில் திட்டத்தின் நோக்கத்தையும் செலவையும் கேட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். அவை அச்சிட்ட கையேட்டில் இருக்கும். நிறுவனத்திடம், உங்கள் ஊராட்சியின் தரைமட்டத் தொட்டிக்குக் கடந்த பன்னிரண்டு மாதங்களில் நாள்தோறும் வழங்கிய நீரின் அளவுமானிப் பதிவைக் கேளுங்கள். ஊராட்சியிடம், ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும், அது எந்தெந்தத் தெருவுக்கு நீர் தருகிறது என்பதையும், மோட்டார் இயக்கப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். இரண்டு மனுக்கள், தலா பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் மறுமொழி வர வேண்டும். இரு பதிவுகளையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எங்களிடம் வாருங்கள்.